டாலோ சந்தில் பிணம் கழுவியவள்

இங்கே கொடுக்கும் தேநீரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கொஞ்சம் தண்ணீராக இருக்கும். ஆனால் சூடாக வரும். நாற்பது கட்டில் போட்ட வார்டில் கடைசிக் கட்டிலுக்கும் ஆறாமல் வருவது சின்ன விஷயம் இல்லை. நீங்களும் ஒரு கோப்பை குடியுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்களோடு வந்த சார்ஜண்டுக்கும் ஒன்று சொல்லலாம். பென்சில் பிடித்த விரல் விறைத்துப்போயிருக்கிறது. நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம்.

உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிகிறது. உட்காரும்போதே சொல்லிவிட்டீர்கள்.

"நீங்க இருபதாவது ஆளு, ஆம்ப்லெட்டம்மா. போன மாசம் ஒரு பாதிரியார் வந்து நான்தான் செஞ்சேன்னு அழுதாரு. அதுக்கு முந்தி ஒருத்தன் வந்தான். செஞ்சது அவன் மாமியாராம், அவ சார்பா இவன் ஒத்துக்கிறானாம்."

சிரித்தேன். சிரித்தால் இடது பக்கம் வலிக்கிறது.

முதலில் என் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். டார்கஸ் ஆம்ப்லெட். செய்தித்தாளில் ஒரு முறை ஆப்லெட் என்று போட்டார்கள், இன்னொரு முறை அம்லெட். வயது ஐம்பத்தெட்டு, விதவை. கிழக்கு லண்டன், டாலோ சந்து, ஒன்பதாம் எண், மாடியில் பின்னறை. முப்பத்தோரு வருஷம் அங்கே இருந்தேன். போன நவம்பரில் இந்த ஏழையர் விடுதிக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் ஏழையர் விடுதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய வீடு என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான்.

மார்பில் கட்டி. ஈஸ்டர் வரை தாங்காது என்று டாக்டர் மேட்ரனிடம் சொன்னார், எனக்குக் காது கேட்காது என்று நினைத்து. இப்போது ஜனவரி. தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவே மூன்று ஞாயிற்றுக்கிழமை விட வேண்டும் என்பது வழக்கம். அதற்கு முன் வழக்கு நடக்க வேண்டும். அதனால் நாம் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

தூக்கில் போகத்தான் கேட்கிறேன். காரணத்தை மறைக்கவில்லை. பெரிய வீட்டில் செத்தவரை இரண்டு நாள் கீழே கிடங்கில் வைப்பார்கள். அதற்குள் சொந்தக்காரர் யாராவது வந்து என்னுடையது என்று கேட்டால் கொடுப்பார்கள். யாரும் வராவிட்டால் பின்வாசலுக்கு ஒரு மூடு வண்டி வரும். அது மருத்துவப் பள்ளிக்குப் போகும். அங்கே மாணவர்கள் மேசையைச் சுற்றி நின்று, கை ஒருவனுக்கு, கால் ஒருவனுக்கு என்று பிரித்துக்கொண்டு படிப்பார்கள். ஆறு வாரம் கழித்து மிச்சத்தைப் புதைப்பார்கள். எது யாருடைய மிச்சம் என்று அவர்களுக்கே தெரியாது. இந்த ஜன்னலிலிருந்து பின்வாசல் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வண்டி ஏழு முறை வந்துவிட்டது.

எனக்கு யாரும் இல்லை. எனக்காகக் கிடங்குக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் தூக்கில் போட்டவரைச் சிறைக்குள்ளேயே முழுசாகப் புதைக்கிறார்கள். சுண்ணாம்பு போடுவார்களாம், பரவாயில்லை. பக்கத்துச் சுவரில் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்குப் போதும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சார்ஜண்டு எழுத வேண்டுமே என்று சொல்கிறேன். எங்கள் சந்தில் பிள்ளை பிறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆள் செத்தாலும் என்னைத்தான். இரண்டுக்கும் ஒரே கூடை, ஒரே ஏப்ரன். செத்தவர் வீட்டில் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைத் துணியால் மூட வேண்டும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். செத்தவருக்கு எந்தத் தண்ணீரானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கழுவியது இல்லை. கண்களை மூடி மேலே செப்பு நாணயம் வைக்க வேண்டும். தாடை தொங்காமல், மூன்று விரல் அகலத்தில் கிழித்த லினன் துணியை மோவாய்க்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிய வேண்டும். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வெள்ளைக் காலுறை போட்டு, தலை வாரிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியாள் பார்க்கலாம். அழுக்கோடும் ரத்தத்தோடும் ஒருவரை மற்றவர் பார்க்கும்படி விடுவது எங்களிடம் இல்லை. படுக்கைத் துணி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீடு கொடுக்கும். அடகில் இருந்தால் மீட்டுக்கொண்டுவந்து கொடுக்கும்.

முப்பத்தோரு வருஷத்தில் சந்தில் செத்த எல்லோரையும் நான் கழுவினேன். என் தங்கை ரூத்தைத் தவிர.

ரூத் இந்த வீட்டில்தான் செத்தாள், இதே மாடியில், அந்தப் பக்க வார்டில். செவ்வாய்க்கிழமை காலை எனக்குச் செய்தி வந்தது. அந்த வாரம் இரண்டு பிரசவம் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தேன். வாசலில் இருந்தவர் நல்ல மனிதர். குல்லாயைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார்.

"நேத்து சாயங்காலமே வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. ரெண்டு நாளு பாத்தோம். யாரும் வரல."

அவ்வளவுதான் ரூத். இப்போது கட்டிலில் படுத்து யோசிக்கும்போது, அந்த வாரம் ஒரு பிரசவம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். மற்றது அடுத்த வாரம்.

இனி எண்பத்தொன்றாம் வருஷத்துக்கு வருகிறேன். நான்கு பெண்கள் செத்தார்கள். நாலு பேரையும் கொன்றது ஒரே கை என்று செய்தித்தாள்கள் எழுதிவிட்டன. அது தவறு. முதலாமவள் லெட்டி கிரைஸ் என் கணக்கில் வரமாட்டாள். ஜூலை மாதம் சாயப்பட்டறை வாசலில் கழுத்து அறுபட்டுக் கிடந்தாள். யார் செய்தது என்று உங்களுக்குத் தெரியாதது போலவே எனக்கும் தெரியாது. அவன் இன்னும் எங்கேயோ நடந்துகொண்டிருப்பான். சில நாள் விடியும் நேரத்தில் இந்த வார்டு வாசலில் யாரோ நின்று கட்டில்களை எண்ணுவது போல இருக்கும். அவன் என்று நான் நினைப்பதில்லை.

லெட்டியைக் கையில் தள்ளும் வண்டியில் வைத்துப் பங்குச் சவக்கிடங்குக்குக் கொண்டுவந்தார்கள். கிடங்கு என்றால் தேவாலய மதிலை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. காவலுக்கு ஒரு கிழவர். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார், வழக்கம்போல நான் போய்க் கழுவினேன். முடித்துக் கூந்தலைப் பின்னிக்கொண்டிருக்கும்போது போலீஸ் டாக்டர் வந்தார். கதவிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா உன்னக் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டர். அழுக்கா இருந்தா."

"நான் பாக்க வேண்டியதையெல்லாம் வாளியில கரைச்சு வெச்சிருக்கியே. பின்னல் வேற போட்டிருக்க."

மரண விசாரணையிலும் என்னைக் கண்டித்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் ஒரு விதி கொண்டுவந்தீர்கள். கிடந்த இடத்திலேயே, உடலைத் தொடுவதற்கு முன், பையில் உள்ளதையெல்லாம் ஒரு கான்ஸ்டபிள் பட்டியல் எழுத வேண்டும். டாக்டர் பார்த்து முடிந்த பிறகுதான் நான் கழுவலாம். நல்ல விதி. கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

என்னை மாற்றியது லெட்டியின் சவ ஊர்வலம். லெட்டிக்கு யாரும் இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது எங்கள் சந்தில் அவள் உட்கார்ந்த படியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தவள் உட்காருவாள். அந்த வாரம் அவளைத் தெரியும் என்று சொல்ல நாற்பது பேர் வந்தார்கள். சவப்பெட்டிக்காரர் தேக்குப் பெட்டி சும்மா கொடுத்தார். ஆறு கறுப்புக் குதிரை, தலையில் இறகு. தெரு ஓரமெல்லாம் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவள் பெயர் எல்லாத் தாளிலும் வந்தது, சரியான எழுத்தோடு. அவளைக் கடைசியாகத் தொட்டவள் என்பதால் என்னைப் பெட்டிக்குப் பின்னால் முதல் வரிசையில் நடக்கவிட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கேட்டாள்: "முகம் எப்பிடிம்மா இருந்துச்சு? அமைதியா இருந்துச்சா?" இருந்தது என்றேன்.

அன்று நடந்துகொண்டே யோசித்தேன். ரூத் நல்லவள், யாருக்கும் தீங்கு நினைக்காதவள். காய்ச்சலில் செத்ததால் வண்டியில் போனாள். லெட்டி கொலையுண்டு செத்ததால் குதிரையில் போகிறாள். நான் சட்டம் எழுதியவள் இல்லை. ஆனால் ஊர் இப்படித்தான் இருக்கிறது என்றால், ஆதரவற்ற பெண்ணுக்கு எது நல்லது என்று கேட்டால், பதில் கடினமாக இல்லை.

பெக் ஹனிசெட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காகித உறை ஒட்டுகிறவள். மார்பில் சளி, ரத்தமும் வரும். ஆகஸ்டில் ஒரு நாள் ஊமை மணி மதுக்கடையில் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆம்ப்லெட்டம்மா, அளவெடுக்கற மாதிரியே பாக்கற?"

"இருமல் எப்படி இருக்கு பெக்?"

"இருமலு நல்லா இருக்கு. எனக்குத்தான் முடியல." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெக் நிறுத்தவில்லை. "பெரிய வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கன்னு டாக்டர் சொல்றாரு. போனா அப்புறம் என்ன, படிக்கற பசங்க மேசைதான். தொறந்து பாத்தா ஜின்னுதான் இருக்கும். பாவம், ஆளுக்கொரு மடக்கு குடிச்சுக்கட்டும்."

"சும்மா இருடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நெசமாத்தாண்டி. போனா லெட்டி மாதிரி போகணும். ஆறு குதிரை. என் கல்யாணத்துக்கு ஒரு கழுத கூட வரல, மாப்பிள்ளையத் தவிர."

எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் விரும்பிக் கேட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அந்தக் கட்டிலில் இருப்பவள் தூங்கவில்லை. ஒரு ராத்திரி தெருவில் அவள் இருமும்போது முதுகைத் தடவிக்கொடுக்கப் பின்னால் போய் நின்றேன். தாடைத் துணி கூடையில் எப்போதும் இருக்கும். நான் வாழ்நாளெல்லாம் மெலிந்த உடல்களைத் தூக்கிப் புரட்டியவள், கையில் பலம் உண்டு. கத்தி பிறகுதான், அவளுக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில். அது செய்தித்தாளுக்காக. கழுத்து நெரிந்து மட்டும் கிடந்தவளுக்கு நாலு வரிக்கு மேல் கொடுக்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. மூலையில் கான்ஸ்டபிள் மோக்ஸன் என் ஏப்ரனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்ன ஆம்ப்லெட்டம்மா, ஆணா பொண்ணா?"

"பொண்ணு" என்றேன். பொய் சொல்லவில்லை.

"நல்லா இருக்கட்டும்" என்றார்.

பெக்குக்கு எட்டுக் குதிரை வந்தது. மழை பெய்தும் கூட்டம் குறையவில்லை. செத்த அன்று மதியம் அவளைக் கழுவியவளும் நான்தான். டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு, கை பொறுக்கும் சூட்டில். அவள் நகத்துக்குள் பசை ஊறிக் கிடந்தது, குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதை அவசரத்தில் செய்யக் கூடாது.

அடுத்தது மெர்சி டோல், அக்டோபர் முதல் வாரம். தீப்பெட்டி விற்பவள், கண் மங்கிக்கொண்டே வந்தது. பெரிய வீட்டில் அவளுக்கு இடம் எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை போக வேண்டும். என் கூடையில் கை வைத்துத் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல லினன் ஆச்சே. யாரு போயிட்டா?"

"இன்னும் யாரும் போகல மெர்சி."

"கிழிக்காம வெச்சிருக்கலாம்" என்றாள். அவள் அப்படித்தான், எதையும் வீணாக்கப் பிடிக்காது.

அந்த இரண்டு மாதமும் சந்தில் பயம் இருந்தது. அதை மறுக்கவில்லை. பெண்கள் மூன்று மூன்று பேராகத் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். லெவின் என்ற செருப்புத் தைப்பவனை, அவன் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது, கையில் கத்தி இருக்கிறது என்று கூட்டம் பிடித்து அடித்ததில் ஒரு கண் போனது. நான் அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினேன். ஊமை மணியில் எனக்கு நெருப்புக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுவிடுவார்கள். நிருபர்கள் மாடி ஏறி வந்து கேட்டார்கள். ஒருவர் என்னைப் படமாக வரைந்துகொண்டு போனார், ஆனால் அது அச்சில் வரவில்லை. பிறகு ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நவம்பரில் ஜனங்கள் நிலக்கரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் என்னை யாரும் நிறுத்தவில்லை. இதை ஒரு தகவலாகச் சொல்கிறேன், வேறு காரணமாக அல்ல.

கேசையா ரட் பழைய சாக்குகளைத் தைப்பவள். வாய் ஓயாதவள். கணவன் கடலில் செத்துப்போனான், ஒரே மகள் பதினைந்து வருஷத்துக்கு முன் சண்டை போட்டுவிட்டு எங்கேயோ வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். "எனக்கு யாரு இருக்கா, இந்த ஊசியும் வாயுந்தான்" என்று அவளே சொல்வாள். இடுப்பு எலும்பு தேய்ந்து, அந்தக் குளிர்காலம் அவள் பெரிய வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

அது ஒரு திங்கட்கிழமை. பகல் இரண்டு மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டிய மூடுபனி. திங்கட்கிழமைகளில் பீப்பாய்ப் பட்டறையில் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஞாயிறு குடித்தது தெளிய வேண்டும். பட்டறை முற்றம் காலியாக இருந்தது. மூன்று மணிக்கு அங்கே அவளைக் கண்டெடுத்தீர்கள்.

சனிக்கிழமை ஊர்வலம். அன்று சந்து முனையில் ஒரு பெண் ரயிலிலிருந்து நேராக வந்து, கையில் தொப்பிப் பெட்டியோடு, யாருடைய சாவு என்று கேட்டாள். அவள்தான் எஸ்தர், கேசையாவின் மகள். கென்ட்டில் ஒரு வீட்டில் சமையல்காரி. அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். வருகிறேன் என்று கடிதம் போட்டிருந்தாளாம். அந்தத் தொப்பிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கல்லறை வரை நடந்தாள். பிறகு என்னிடம் வந்து, எல்லோரும் பார்க்க, என் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"எங்கம்மாவ நீங்கதான கழுவுனீங்க. உங்க கையி நல்லா இருக்கணும்."

கேசையாவுக்கு ஒரு மகள் வருகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். என் விதி அதுதான்: யாரும் இல்லாதவள், பெரிய வீட்டுக்குப் போகப்போகிறவள். இந்த இரண்டும் இல்லாமல் நான் யாரையும் தொட்டதில்லை. இதைச் சார்ஜண்டு அடிக்கோடு போட்டு எழுதினால் நல்லது.

எல்லாம் சொல்லிவிட்டேன். நீங்கள் தொப்பியை எடுத்துக்கொள்கிறீர்கள்.

பெக்கின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருந்தது என்றேன். மெர்சியின் இடது காலுறை உள்புறம் வெளியாகப் போட்டிருந்தது என்றேன். வெட்டு எந்தப் பக்கம் தொடங்கியது என்றும் சொன்னேன். நீங்கள் பொறுமையாகத்தான் பதில் சொன்னீர்கள்.

"ஆம்ப்லெட்டம்மா, கழுவினதே நீங்கதான. உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இதெல்லாம் வெச்சு எந்த நீதிபதிகிட்டப் போய் நிப்பேன்? நீங்க தூங்குங்க. நான் மேட்ரன்கிட்ட சொல்லி ஒரு போர்வை தரச் சொல்றேன்."

இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த உடல்களில் நான் அறியாத இடம் ஒன்றும் இல்லை, அதனாலேயே என் அறிவு எதற்கும் சாட்சி ஆகாது. என் கையால் செய்ததை என் கையாலேயே கழுவிவிட்டேன். நீங்கள் எழுந்து போனால் நான் இங்கேயே சாவேன், இரண்டு நாள் கீழே கிடப்பேன், வண்டி வரும்.

போர்வை வேண்டாம் ஐயா. உட்காருங்கள். தலையணைக்குக் கீழே என் பைபிள் இருக்கிறது. அதை மட்டும் இங்கே விட்டு வைக்கிறார்கள். பின்னட்டையின் தோல் ஓரம் தைத்திருக்கும், சார்ஜண்டின் பேனாக்கத்தியால் பிரிக்கலாம். மெதுவாக.

ஆமாம், கடிதம். எஸ்தர் எழுதியதுதான். உறையில் தபால் முத்திரை இருக்கிறது, தேதி பாருங்கள். அந்தத் திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு அதை ஊமை மணிக்காரர் கேசையா கையில் கொடுத்தார் என்று விசாரணையில் சாட்சி சொன்னார். மூன்று மணிக்கு உடல் கிடைத்தது. அன்று கான்ஸ்டபிள் எழுதிய பட்டியல் உங்களிடம் இருக்கும். ஒரு சீப்பு, ஃபிளானல் துண்டு இரண்டு, சாக்கு ஊசி, மெழுகு, தேயிலைப் பொட்டலம். கடிதம் இல்லை. அதை நான் பிணத்திலிருந்து எடுக்கவில்லை என்பதற்கு உங்கள் விதியே சாட்சி. ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே அவளோடு இருந்தவரிடம்தான் அது இருக்க முடியும்.

இதை முதலிலேயே காட்டியிருக்கலாம். காட்டாமல் முடிந்தால் நல்லது என்று நினைத்தேன்.

இப்போது நம்புகிறீர்கள். முகத்தில் தெரிகிறது. தேநீர் ஆறிவிட்டது, வேறு கேட்கட்டுமா. வேண்டாமா.

நீங்கள் அதைப் படித்துவிட்டுச் சார்ஜண்டிடம் கொடுத்தீர்கள். அவரும் படித்தார். அவர் ஏன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள், மெல்ல:

"கேசையாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"மதுக்கடைக்காரர் படிச்சுக் காட்டறேன்னு சொன்னாராம். 'உன் ஓட்ட வாயில என் மக பேரு வர வேணாம், வேற ஆளு இருக்கு'ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாளாம். டாலோ சந்துல படிக்கத் தெரிஞ்ச பொம்பள எத்தன பேரு ஆம்ப்லெட்டம்மா?"

அதிகம் இல்லை, ஐயா. எனக்குப் பைபிள் படிக்க அம்மா சொல்லிக்கொடுத்தாள். ரூத்துக்கு வரவில்லை.

பட்டறை முற்றத்தில் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தோம். பனியில் ஒருவர் முகம் மற்றவருக்குச் சரியாகத் தெரியவில்லை. உறையை அவள் பிரிக்கவில்லை, கிழிந்துவிடும் என்று என்னிடம் கொடுத்தாள். நான் படித்தேன். அம்மா, நான் எஸ்தர். சனிக்கிழமை பன்னிரண்டு மணி வண்டியில் வருகிறேன். எஜமானியிடம் கேட்டு என் அறைக்குப் பக்கத்து அறையை உனக்கு வாங்கியிருக்கிறேன், ஜன்னல் உண்டு. உனக்கு ஒரு தொப்பி எடுத்திருக்கிறேன், நீலம். பழையதையெல்லாம் விட்டுவிடு.

எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. அந்த வயதில் ஒருத்தி உட்கார்ந்தபடியே அப்படித் துள்ளி நான் பார்த்ததும் இல்லை.

"நீலமாம்" என்றாள். "அவளுக்கு ஞாபகம் இருக்கு பாரேன். இன்னொரு தடவ படி ஆம்ப்லெட்டம்மா. நீ எங்கியும் போயிடலயே. நிறுத்திப் படி."

படித்தேன். எந்த வார்த்தையையும் விடவில்லை. இரண்டாம் முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டேன். பிறகு கடிதத்தை மடித்து ஏப்ரனுக்குள் வைத்துவிட்டு, எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவளுக்கு யாரும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.